பூங்காவனத்தின் ஹாஜரி

"அண்ணி, ஹாஜரி எங்க?"

சுனில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். சுவரில் புத்தர் இருந்தார். அம்பேத்கர் இருந்தார். செத்துப்போன அண்ணன் கோவிந்தப்பாகூட மாலையோடு இருந்தார். நடுவில் ஒரு ஆணி மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ப்ரேம் கடைக்குக் குடுத்திருக்கேன்," என்றாள் மகா, நறுக்குகிற வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "கண்ணாடி விரிசல் வுட்டுச்சு."

"எப்போ குடுத்தீங்க?"

"நேத்து."

"நேத்து நான் வந்துட்டுப் போகும்போது மாட்டியிருந்துச்சே."

"நீ போனப்புறம்தான்."

"நான் போனதே ராத்திரி பத்தரைக்கு. பத்தரை மணிக்குத் தொறந்திருக்கிறது ப்ரேம் கடையா அண்ணி, ஒயின் ஷாப்பா?"

மகா வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம். அந்த மட்டுக்கும் சௌகரியம்.

"கடை பேரச் சொல்லுங்க, ஸ்கூட்டர்ல போய் ஜல்தியா எடுத்துக்கினு வந்துடறேன். அந்த மேடம் மெட்ரோ ஏறிட்டாங்களாம். அரைமணியில வந்துடுவாங்க."

"இன்னிக்குக் கடை லீவு."

"சனிக்கிழமையா?"

அதற்குள் அடுப்படியிலிருந்து மகள் விஜியின் குரல் வந்தது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கி, அப்போதுதான் எழுந்து உலை வைக்கப் போயிருந்தாள்.

"மா, அரிசி டிரம்முக்குள்ள நம்ம ஹாஜரி குந்திக்கினு இருக்குது. நீ வெச்சியா?"

சுனில் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வெங்காயத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றான் அவன். "லீவு நாள்ல கடைக்காரன் வூட்டுக்கே டெலிவரி பண்ணிட்டான்."

அவனுக்குச் சிரிப்பு. மகா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அந்த வீட்டில் ஹாஜரி என்று சொல்வது ஒரு பழைய சீட்டை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தடித்த காகிதம், கண்ணாடி போட்டு, ப்ரேம் போட்டு, குங்குமம் வைத்தது. மேலே ஒரு கிரீடம். அதற்குக் கீழே கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரி என்று இங்கிலீஷில். எண் 212. பெயர், பூங்காவனம். மகாவின் மாமனாருடைய தாத்தாவைப் பெற்றவள் அவள். பெயருக்குக் கீழே கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு தேதி, தேதிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. பதினைந்து நாளுக்கு ஒன்று.

வேறு வீட்டார் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. இந்த வீட்டில் நாலு தலைமுறையாக முனிசிபாலிட்டி வேலை. விடியக் கருக்கலில் போய் நின்று, மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டு, தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டால்தான் துடைப்பத்தைத் தொடலாம். தேதியும் பக்கத்தில் கையெழுத்தும் இருந்தால் அது ஹாஜரி, வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி. அதற்கு வேறு அர்த்தம் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பூங்காவனம் செத்த பிறகு தகரப் பெட்டியில் இந்தச் சீட்டு கிடைத்தபோது, முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டிய அவளுடைய மகன் பார்த்தவுடன் சொல்லிவிட்டானாம்: "எங்க அம்மா ஆஸ்பத்திரியில வேலை பார்த்திருக்கா. ஆயா வேலைன்னா மேஸ்திரி கையெழுத்துப் போட்டிருப்பான். இது வெள்ளைக்கார டாக்டரே போட்டது. அப்போ நர்ஸுதான்."

தப்பு சொல்ல முடியாத கணக்கு. அந்தக் கணக்கின் மேலேயே நூறு வருஷமாகக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. விஜி நர்சிங் சேர்ந்ததும் அதனால்தான். கல்லூரி இன்டர்வியூவில், "எங்க வம்சமே நர்ஸ் வம்சம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். சங்கச் செயலாளரான சுனிலோ ஒரு படி மேலே போய், சங்கம் கட்டியிருக்கும் படிப்பகத்துக்குப் பூங்காவனத்தின் பெயரையே வைத்துவிட்டான். நாளைக்குத் திறப்பு விழா. 'கண்டோன்மென்டின் முதல் தமிழ் நர்ஸ் பூங்காவனம்மாள்' என்று கல் வெட்டக் கொடுத்தாயிற்று. விழாவில் நாலு வார்த்தை ஆதாரத்தோடு பேச வேண்டுமென்று, பழைய ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற தீபிகா என்ற பெண்ணைத் தேடிப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறான்.

மகாவுக்கு மட்டும் விஷயம் வேறு என்று தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும்.

மாமியார் சின்னத்தாயி முப்பது வருஷம் குக் டவுனில் டோரீன் என்கிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா வீட்டில் சமைத்தவள். ஒருமுறை கண்ணாடி உடைந்துபோய், மாற்றித் தரச் சொல்லி ப்ரேமை அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். டோரீன் சீட்டை வெளியே எடுத்துத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்திருக்கிறாள்.

"தாயி, இதை எங்க வெச்சிருக்கே?"

"சாமி பக்கத்துல மேடம்."

டோரீன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாளாம். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாளாம்.

சாகிறதற்கு நாலு நாள் முன்பு மாமியார் அதை மகாவின் காதில் இறக்கி வைத்தாள். "அது வேலைக்குப் போன சீட்டு இல்லடி. சோல்ஜருங்க போய் வர பொம்பளைங்களுக்குக் குடுத்தது. பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி புடிச்சாந்து படுக்க வெச்சுப் பார்த்து, சீக்கு இல்லேன்னு கையெழுத்துப் போட்ட சீட்டு. என்னோட போகட்டும்னு பார்த்தேன், முடியல. ஒருத்தரையும் ப்ரேமைக் கழட்ட வுடாதே. முக்கியமா விஜி."

மகா எத்தனையோ முறை எரித்துவிட நினைத்தாள். சுனில் கேட்பானே என்பது ஒன்று. குங்குமம் வைத்த கை எப்படி நெருப்பு வைக்கும் என்பது இன்னொன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துப் பொட்டு வைத்தாள். "நாம பௌத்தம் அண்ணி, குங்குமம் எதுக்கு?" என்று சுனில் சலித்துக்கொள்ளும்போதெல்லாம், "உங்கம்மா பழக்கம்" என்று சொல்லித் தப்பித்தாள். மகள் வெள்ளை உடுப்பில் வேலைக்குக் கிளம்புமுன் அந்தச் சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்க்கும்போது மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாது.

இன்றைக்கு அரைமணியில் அந்த ரகசியம் உடையப் போகிறது.

தீபிகா வந்தாள். தருமபுரிப் பக்கத்துப் பெண். விஜியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். செருப்பை வெளியே விட்டு, முதுகுப் பையை இறக்கி, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுனில் மேடைப் பேச்சை அங்கேயே ஒருமுறை ஒத்திகை பார்த்தான்.

"வெள்ளைக்காரன் நம்மள வாசல்லகூட நிக்க வுடாத காலத்துல, மேடம், எங்க ஜனத்துல ஒருத்தி அவன் ஆஸ்பத்திரிக்குள்ள போய் வேலை பார்த்திருக்கா. டாக்டரே எழுந்திரிச்சு ஹாஜரி போட்டிருக்கான். பாருங்க, ஒரு லீவு கிடையாது!"

தீபிகா சிரித்துக்கொண்டே ப்ரேமை வாங்கினாள். கண்ணாடி வழியாகப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"நம்பர் இருநூத்திப் பன்னண்டா?"

"ஆமா. ஏன் மேடம்?"

அவள் போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளித் தேடினாள். நின்றாள். சீட்டைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், நிமிர்ந்து மகாவைப் பார்த்தாள். மகாவின் முகத்தில் அவள் என்னத்தைக் கண்டாளோ, சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"பின்பக்கம் எதாவது எழுதியிருக்கா?"

"கழட்டிப் பார்த்துடலாம்," என்று சுனில் எழுந்தான். "ஸ்க்ரூ டிரைவர் எங்க அண்ணி?"

"சுனிலு, போய்ப் பால் வாங்கிக்கினு வா."

"பால் இருக்குதே."

"திரிஞ்சுடுச்சு."

"மத்தியானம் வாங்கினது அதுக்குள்ள திரிஞ்சுடுச்சா?"

"இப்போ திரியும், நீ போ. விஜி, நீ போய்க் குளி. விருந்தாளி வந்திருக்கும்போது தலைய விரிச்சுப் போட்டுக்கினு நிக்காதே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்வரை மகா பொறுத்தாள். பிறகு தீபிகாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், அது என்னா சீட்டுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"எட்டு வருஷமா. உங்க கால்ல வேணா வுழறேன். பேப்பர் அழிஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. என் பொண்ணு அதைப் பார்த்துத்தான் நர்ஸானா. தெரிஞ்சா தாங்க மாட்டா. இந்தச் சந்துல ஒருத்தி காதுக்குப் போனா ஓகளிபுரம் வரைக்கும் போயிடும்."

தீபிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்க சொல்ல வேணாம்னா நான் சொல்ல மாட்டேன். என்னால பொய் எழுதித் தர முடியாது, அவ்ளோதான். ஆனா உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிய நான் சொல்லட்டுமா?"

"இன்னும் இருக்குதா?" என்றாள் மகா.

"இந்த நம்பரை நான் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"இவ ஒருத்தி மட்டும் என்ன ஆனான்னு தெரியாம." போனைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பேறிய ஒரு பெரிய புத்தகத்தின் பக்கம். கோடு போட்டு, மை கசிந்து. "இது அந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர். ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தாறு. இதோ 212. பூங்காவனம், வயசு பத்தொம்பது, ஊர் ஆற்காடு. தொழில் என்ன போட்டிருக்கான் பாருங்க. புல்லுக்கட்டு."

"புல்லுக்கட்டா?"

"குதிரைப் படைக்குப் புல் அறுத்துப் போடறது. அப்போ ஒரு சட்டம் இருந்துச்சு ஆன்ட்டி. சோல்ஜருக்குச் சீக்கு வந்தா அது பொம்பளையாலதான்னு, பஜார்ப் பக்கம் இருக்கிற பொம்பளைங்க பேரை எழுதி, நம்பர் குடுத்து, பதினஞ்சு நாளுக்கு ஒருமுறை வரச் சொல்றது. சந்தேகம்னு கான்ஸ்டபிள் ஒருத்தன் கை காட்டினாப் போதும். இவ பேருக்கு நேரா அப்படி ஒருத்தன் பேரு இருக்கு. வரலேன்னா ஜெயில். நோய்னு தோணிச்சுன்னா உள்ளயே வெச்சுப் பூட்டிடுவாங்க."

"அப்போ அவ..." மகாவுக்கு அந்த வார்த்தை வரவில்லை. "அவ அப்படிப்பட்டவளா, இல்லையா?"

"தெரியாது ஆன்ட்டி. இந்தப் பேப்பருக்கு அந்தப் போலீஸ்காரன் சொன்னதுதான் தெரியும். அவளை யாரும் கேக்கல. அப்படியே இருந்திருந்தாலும் ஒரு மனுசியை மாட்டுக்குப் போடற மாதிரி நம்பர் போட்டு இழுக்க இவனுங்க யாரு? அதை விடுங்க. கடைசிக் கட்டத்தைப் பாருங்க, சிவப்பு மை."

சிவப்பு மை தெரிந்தது. எழுத்து தெரியவில்லை.

"படிச்சுச் சொல்லு பாப்பா." மேடம் பாப்பாவானது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"அந்த மாசம் அவளை உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க. மூணாம் நாள் விடியறதுக்குள்ள பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சு ஓடிட்டா."

மகா போனைத் தன் பக்கம் இழுத்து அந்தச் சிவப்பு மையை விரலால் தொட்டாள்.

"தேடியிருக்காங்க. இதோ, ஒரு மாசம் கழிச்சு எழுதியிருக்கான்: கிடைக்கவில்லை. மூணு மாசம் கழிச்சு, கோலார் வரைக்கும் ஆள் அனுப்பி: கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பாருங்க: கிடைக்கவில்லை. அதுக்கடுத்த வருஷம் அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. மத்தவங்க எல்லாருக்கும் முடிவு என்னன்னு இதுல இருக்கு, ஆன்ட்டி. ஜெயிலுக்குப் போனவ, செத்துப்போனவ, ஊரை விட்டுத் துரத்தினவ. இவளுக்கு மட்டும் இல்ல. எங்க போனாளோ, என்ன ஆனாளோன்னு நான் எத்தனை நாள் நினைச்சிருப்பேன்! மகன் பொறந்து, பேரன் பொறந்து..." தீபிகா ப்ரேமை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவ்ளோ பெரிய பட்டாளத்துக்குக் கிடைக்காதவ எனக்கு ஸ்ரீராம்புரத்துல அரிசி மாவோட கிடைக்கிறா."

ப்ரேமின் விளிம்பில் இன்னும் டிரம்மின் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

மகா ஒரு விரலால் அதைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு. அப்புறம் தோள் குலுங்கி. அப்புறம் அடக்க முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. எட்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு கனம் எழுந்து, துணியை உதறிக்கொண்டு போனது போலிருந்தது.

"சுவரேறி..." என்றாள் மூச்சு வாங்க. "பத்தொம்பது வயசுல. அடிப்பாவி! மூணு தடவை எழுதியிருக்கானா?"

"மூணு தடவை."

"இன்னொருவாட்டி சொல்லு."

"கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை."

விஜி தலையில் துண்டோடு வந்து நின்றாள். சுனில் பால் பாக்கெட்டோடு படியேறி வந்தான். அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே விஜிக்குப் புரியவில்லை.

தீபிகா மகாவைப் பார்த்தாள். மகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்," என்றாள். "நானே சொல்றேன்."

சொன்னாள். மாமியார் காதில் சொன்னதை முதலில். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. புல்லுக்கட்டை, கான்ஸ்டபிளை, பதினைந்து நாள் கணக்கை. சுவரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

சொல்லி முடிக்கும்போது குக்கர் சத்தம் போட்டது. விஜி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவகிட்ட கேட்டாங்களா?"

"என்னாத்த?"

"பரிசோதனை பண்ணலாமான்னு. நாங்க ஒரு ஊசி போடணும்னாலும் பேஷன்ட்டைக் கேட்டுத்தான் போடணும்."

"கேக்கல விஜி," என்றாள் தீபிகா.

"சோல்ஜருங்களைப் பார்த்தாங்களா? அதே மாதிரி, பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி?"

"முன்னாடி ஒரு காலத்துல பார்த்தாங்களாம். அவங்களுக்கு மரியாதைக் குறைவா இருக்குன்னு நிறுத்திட்டாங்க."

"மரியாதைக் குறைவு!" விஜி எழுந்துவிட்டாள். ஈரத்துண்டு நழுவி விழுந்தது. வார்டில் யாரையாவது அதட்டுகிறபோது வருகிற குரல் அது. "சீக்கு அவனுக்கு, பூட்டு இவளுக்கு. நல்லா இருக்குதுடா உங்க வைத்தியம்!" பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "எட்டு வருஷமா இதையா நீ வயித்துல கட்டிக்கினு இருந்தே? நான் தாங்க மாட்டேன்னா? மா, நான் வேலை பார்க்கிறது ஆஸ்பத்திரியிலமா. தினத்துக்கும் எத்தனை பொம்பளைங்க வராங்க, என்னென்ன சொல்லிட்டு அழறாங்க தெரியுமா உனக்கு?"

"நீ தினம் அதைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறியேடி..."

"இனிமேலும்தான் கும்புடுவேன். இன்டர்வியூல சொன்னதுதான் பொய்யாப் போச்சு. சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

மகாவுக்கு மறுபடியும் சிரிப்பு முட்டியது. அவளோடு தீபிகாவும் சிரித்தாள். சுனில் மட்டும் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"சுனிலு, ஏதாவது பேசேன்."

"எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல அண்ணி," என்றான் மெதுவாக. "நூறு வருஷமா அதை ஹாஜரி, ஹாஜரின்னு சொன்னோமே, அதை நெனச்சேன். அவ ஒருத்திதான் ஹாஜராகாம போனவ." பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான். "நெசமாவே கிடைக்கலையா மேடம் அவனுங்களுக்கு?"

"நெசமாவே."

"கோலார் வரைக்கும் போயும்?"

"போயும்."

"அப்போ நாளைக்கு நான் பேசறதுக்கு இன்னும் நல்ல விஷயம்ல கிடைச்சிருக்கு!" என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தவன், உடனே முகம் மாறினான். "அய்யய்யோ, கல்லு! நர்ஸுன்னு வெட்டிட்டானே!"

போனைப் போட்டான். கல் வெட்டுகிற மஞ்சுநாத் எடுத்த எடுப்பிலேயே கும்பிடு போட ஆரம்பித்துவிட்டான்.

"சார், கோபம் பண்ணிக்காதீங்க. காலையிலிருந்து கரென்ட் இல்லா சார். மிஷின் ஓடல. பேரு மட்டும்தான் ஆயித்து. மேல இருக்கிற லைன் ராத்திரி உக்காந்து—"

"பேடா, பேடா, வேணாம்!" என்று கத்தினான் சுனில். "பேரு போதும் மஞ்சுநாத். அஷ்டே சாக்கு. அதுக்கு மேல ஒரு எழுத்து வெட்டாதே."

"நெஜமா சார்? கரென்ட் வந்துடும் சார்."

"வந்தாலும் வெட்டாதே. மிஷினைத் தொடாதே. வூட்டுக்குப் போய்ச் சாப்புடு."

போனை வைத்துவிட்டு அவன் விட்ட மூச்சில் சுவரிலிருந்த காலண்டர் ஆடியது. விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓடிட்டா சித்தப்பா, ஓடியே போயிட்டா!" என்று கைதட்டினாள். பூட்டின ஆஸ்பத்திரியில் சுவர் எத்தனை அடி இருந்திருக்கும், புடவையை வரிந்து கட்டியிருப்பாளா, சீட்டை ஏன் விட்டெறியாமல் கூடவே எடுத்துப் போனாள் என்று ஆளுக்கொரு பேச்சு. வழியில் எவனாவது மறித்தால் காட்டத்தான் என்றாள் தீபிகா. அவர்களிடம் ஒன்றையும் விட்டு வைக்கக் கூடாதென்றுதான் என்றான் சுனில். "பத்தொம்பது வயசுல ஓடறவளுக்கு அதெல்லாமா தோணும்?" என்றாள் மகா. "இடுப்புல சொருகியிருந்துச்சு, வந்துடுச்சு. அவ்ளோதான்."

வாசலில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டு ருக்கு, ஒரு கிண்ணத்தில் ஊறுகாயோடு நின்றாள். ஊறுகாய் ஒரு சாக்குதான். காது ஏற்கனவே உள்ளே வந்திருந்தது.

"என்னாக்கா ஒரே கும்மாளம்? ஓடிட்டா, ஓடிட்டான்னு கேட்டுச்சு." கண் விஜி மேல் போய் நின்றது. "விஜி இங்கதான இருக்கா. அப்போ யாரு ஓடினது?"

எட்டு வருஷமாக மகா பயந்த கேள்வி என்று ஒன்று உண்டானால் அது இந்த வாயிலிருந்து வரக்கூடியதுதான். சுனில் தொண்டையைச் செருமினான். விஜி அம்மாவைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுப் பொம்பளைதான் ருக்கு," என்றாள் மகா. "பேரு பூங்காவனம். ஆஸ்பத்திரியில பூட்டி வெச்சிருந்தாங்க. சுவரேறிக் குதிச்சு ஓடிட்டா."

"ஐயையோ! எப்போ? போலீஸ்ல சொன்னீங்களா?"

"போலீஸு தேடுச்சு. கிடைக்கல."

"இன்னாக்கா இவ்ளோ சாதாரணமாச் சொல்றே! பொம்பளைப் புள்ள, தனியா, எங்க போனாளோ..."

"அதெல்லாம் நல்லபடியா வந்து சேர்ந்துட்டா. உள்ள வா, முதல்லேருந்து சொல்றேன்." மகா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "கதவைச் சாத்தாதே. தொறந்தே கிடக்கட்டும், காத்து வரட்டும்."